ராபின் வில்லியம்ஸ் மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 11ஆம் திகதியை ஒட்டி வரும் சனிக்கிழமை, திருகோணமலை டச்சுபே கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, ராபின் வில்லியம்ஸ் நடித்த ஒரு படம் போடுகிறோம். படம் முடிந்ததும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்போம். அந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. அப்பாவை ஆறு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த மகள்.

ராபின் வில்லியம்ஸ் யார்? எனக்குப் பெயரே தெரியாது.

முகத்தைக் காட்டினால் தெரிந்துவிடும். 'அவ்வை சண்முகி'யில் கமல்ஹாசன் தன் மகளைப் பார்ப்பதற்காக மாமி வேடம் போட்டுப் போவாரே, அந்தக் கதைக்கு வித்து 1993இல் வந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்'. அதில் அந்த ஆயாவாக வந்தவர் ராபின். 'ஜுமான்ஜி'யில் பலகை விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டு, பல வருடம் கழித்துத் தாடியோடு வெளியே வருகிறவரும் அவர்தான். டிஸ்னியின் 'அலாதீன்' படத்தில் நீல நிறப் பூதத்தின் குரலும் அவருடையது.

1951 ஜூலை 21இல் சிகாகோவில் பிறந்தார். நியூயோர்க்கில் ஜூலியார்ட் பள்ளியில் நாடகம் படித்தார். 1978இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரகத்து ஆளாக நடித்துப் பெயர் எடுத்தார். 'குட் வில் ஹண்டிங்' படத்துக்காக 1998இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. 2014 ஆகஸ்ட் 11 அன்று கலிபோர்னியாவில் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 63.

அமெரிக்க நடிகருக்குத் திருமலையில் என்ன நினைவு மாலை?

அப்பாவால் வந்தது.

அப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். சனம் தேத்தண்ணிக்கு வந்ததா, அவருடைய பகிடிக்கு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொழும்பு பஸ் கொண்டக்டர், மூதூரில் இருந்து வரும் மீன்காரர், பாடசாலை அதிபர், சோதனைச் சாவடியில் நிற்கிறவர் என்று ஊரே அவர் தொண்டைக்குள் இருந்தது. ஊரடங்கு போட்ட நாட்களில் கடை திறக்க முடியாது. அப்போது எங்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் விறாந்தையில் இருத்தி, அந்த ஆட்கள் எல்லாரையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். வெளியே வெடிச் சத்தம் கேட்டால் அவருடைய குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

2002 சமாதான காலத்தில் தம்பி ஒரு சீடி பிளேயர் வாங்கி வந்தான். அவன் போட்ட படங்களில் ஒன்று 'மிஸஸ் டவுட்ஃபயர்'. அப்பாவுக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கதைக்கிறது விளங்கேல்லை. ஆளை விளங்குது" என்றார். ஒரு பகிடிக்காரர் இன்னொரு பகிடிக்காரரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அன்றிலிருந்து ராபின் எங்கள் வீட்டு ஆள்.

அப்பாவுக்கு வருத்தம் வெளியே தெரிய வந்தது 2013இல். அடுத்த வருடம் ராபின் இறந்த செய்தி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 2016இல் ராபினின் மனைவி சூசன் ஷ்னைடர் வில்லியம்ஸ், நரம்பியல் வைத்தியர்கள் வாசிக்கும் ஒரு சஞ்சிகையில் தன் கணவரின் கடைசி மாதங்களைப் பற்றி எழுதினார். கனடாவில் இருக்கும் தம்பி அதை அனுப்பினான். வாசிக்க வாசிக்கக் கை நடுங்கியது. எங்கள் வீட்டு யன்னலால் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

அப்பா 2019இல் போய்விட்டார். அடுத்து வந்த ஆகஸ்டில் நாங்கள் நான்கு பேர் இருந்து படம் பார்த்தோம். பிறகு அயலவர்கள் வந்தார்கள்.

ராபினுக்கு உண்மையில் என்ன நோய்?

அவர் இறந்து மூன்று நாளில் சூசன் ஓர் அறிக்கை விட்டார். ராபின் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் போராடினார், பார்கின்சன் நோயின் ஆரம்ப நிலையில் இருந்தார், குடிக்காமல்தான் இருந்தார் என்று அதில் சொன்னார். பார்கின்சன் என்று வைத்தியர்கள் சொன்னது 2014 மே கடைசியில். நாங்கள் நடுக்கவாதம் என்று சொல்வது அதைத்தான்.

மரணத்துக்குப் பிறகு மூளையைப் பரிசோதித்தபோதுதான் முழு விவரமும் தெரிய வந்தது. அது லூயி பொடி நோய். மூளையின் நரம்புக் கலங்களுக்குள் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டிப்போகும். 1912இல் அந்த உருண்டைகளை முதலில் விவரித்த ஃபிரெடெரிக் லூயி என்ற வைத்தியரின் பெயரில்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவை மூளையின் எந்தப் பகுதியில் சேர்கின்றனவோ அந்தப் பகுதியின் வேலை கெடும். அசைவைக் கவனிக்கும் இடத்தில் என்றால் நடுக்கமும் இறுக்கமும். பார்வை, நினைவு, பயம், நித்திரை ஆகியவற்றைக் கவனிக்கும் இடங்களில் என்றால் அவை ஒவ்வொன்றும். ராபினின் மூளையில் இந்த உருண்டைகள் அநேகமாக எல்லா இடமும் பரவியிருந்தன.

சூசன் எழுதியதில் என்னை நித்திரை கொள்ள விடாத ஓர் இடம் உண்டு. 2014 ஏப்ரலில் கனடாவின் வன்கூவரில் 'நைட் அட் தி மியூசியம்' மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பு. ஒரு வசனம்கூட ராபினின் நினைவில் நிற்கவில்லை. பயத்தில் உடைந்துபோனார். மூன்று வருடத்துக்கு முன்புதான் நியூயோர்க்கின் பிரோட்வே நாடக மேடையில், ஒரு நாளைக்கு இரண்டு காட்சிகூட, நூற்றுக்கணக்கான வரிகளைப் பிழை விடாமல் பேசியவர். தனக்குள் ஏதோ கழன்று போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. என்னவென்று மட்டும் தெரியவில்லை. மூளையை ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடக்கினால் போதும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அப்பா தன் பகிடியின் கடைசி வரியை மறந்து கல்லாப் பெட்டிக்கு முன்னால் நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. வாடிக்கையாளர்கள் சிரிக்கக் காத்திருந்தார்கள். அவர் கண்ணில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு பயம் இருந்தது.

அப்படியென்றால் மனச்சோர்வு என்று சொன்னது பொய்யா?

பொய் இல்லை. மனச்சோர்வும் இருந்தது. ஆனால் ஐம்பது அறிகுறி இருந்தால் அதில் மனச்சோர்வு ஒன்று, அதுவும் சின்ன ஒன்று என்று சூசன் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். லூயி பொடி நோயிலேயே மனச்சோர்வும் பதற்றமும் வரும். நினைவு தடுமாறுவதற்கு முன்பே வரலாம்.

இதைச் சொல்லும்போது மற்றப் பக்கம் சரிந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறேன். "மூளை வருத்தம் என்றால் சரி, வெறும் மனச்சோர்வு என்றால் அவருடைய பலவீனம்" என்று ஒருவர் முற்றத்திலேயே சொன்னார். இல்லை. வேறு எந்த நோயும் இல்லாமல் மனச்சோர்வு மட்டும் வந்தாலும் அது வருத்தம்தான். அதற்கும் மருந்தும் சிகிச்சையும் உண்டு, அந்த வருத்தமும் ஆளைக் கொல்லும். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் இந்த ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களை யார் பலவீனம் என்று சொல்லுவது?

சிரிக்க வைக்கிறவர்கள் எல்லாம் உள்ளுக்குள் அழுகிறவர்கள் என்பார்களே?

இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் இந்தப் பேச்சு அந்த மனிதரின் சிரிப்பைப் பொய்யாக்கிவிடுகிறது.

ராபினின் வாழ்க்கையில் கஷ்டம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் கொக்கேய்ன், குடி. 1982இல் நண்பரும் நகைச்சுவை நடிகருமான ஜோன் பெலூஷி போதையால் இறந்ததும், தனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்பதும் சேர்ந்து அவரை நிறுத்த வைத்தன. அந்த நாட்களில் சைக்கிள் ஓட்டம் தன்னைக் காப்பாற்றியது என்பார். இருபது வருடம் குடியைத் தொடாமல் இருந்தவர் மறுபடி விழுந்தார். 2006இல் தானே சிகிச்சைக்குப் போனார். 2009இல் இருதயத்தில் சத்திர சிகிச்சை. எதையும் மறைக்கவில்லை. மேடையிலேயே சொன்னார்.

அதே மனிதர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஜூலியார்டில் கூடப் படித்த நண்பர் கிறிஸ்டோபர் ரீவ், சூப்பர்மேனாக நடித்தவர், 1995இல் குதிரையில் இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஆனார். ஆபத்தான ஒரு சத்திர சிகிச்சைக்குக் காத்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போது வைத்தியர் உடுப்பில் ஒருவர் அறைக்குள் வந்து, ரஷ்ய உச்சரிப்பில், தான்தான் சோதனை செய்யப் போகிறேன் என்று ஆரம்பித்தார். அது ராபின். விபத்துக்குப் பிறகு முதல் தடவை அன்றுதான் சிரித்தேன், இனி எல்லாம் சரியாகும் என்று அப்போதுதான் தோன்றியது என்று ரீவ் சொல்லியிருக்கிறார். 1986இல் இருந்து பில்லி கிறிஸ்டல், வூப்பி கோல்ட்பர்க் என்ற நகைச்சுவை நடிகர்கள் இருவரோடும் சேர்ந்து வீடில்லாத சனத்துக்காக மேடை ஏறிப் பணம் திரட்டினார்.

இது ஒரு துக்கத்தை மூடுகிற சிரிப்பு இல்லை. வெடிச் சத்தத்தில் எங்களைச் சிரிக்க வைத்தபோது அப்பாவும் எதையும் மூடவில்லை, எங்களுக்குப் பயம் போக வேண்டும் என்று மட்டும் நினைத்தார். பகிடி அவருடைய கை. நோய் பிறகு வந்தது.

இந்த நோயை எப்படிக் கண்டுகொள்வது?

வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கே கடினம். ஆரம்பத்தில் பார்கின்சன் மாதிரியோ, அல்சைமர் மாதிரியோ, மனநோய் மாதிரியோ தெரியும். நாங்கள் பார்த்தும் புரியாமல் விட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நித்திரை. நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அப்பா நித்திரையில் கத்துவார், உதைப்பார். ஒருமுறை கனவில் யாரையோ அடிக்கிறேன் என்று அம்மாவின் கையில் அடித்துவிட்டார். கனவு காணும்போது உடம்பு அசையாமல் கிடக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு கெடுவதால் வருவது இது. போர்க் காலத்துக் கனவு என்றே நாங்கள் நினைத்தோம். அடுத்து மணம். பால் பொங்கி எரிகிற மணம் வீடு முழுக்க அடிக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. தேத்தண்ணிக் கடைக்காரருக்கு! அப்போதாவது நாங்கள் யோசித்திருக்க வேண்டும். மலச்சிக்கல், எழும்பும்போது தலைச்சுற்று, சாசரில் கிளாஸ் தட்டுகிற சத்தம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

பிறகு ஏற்ற இறக்கம். காலையில் கணக்கு வடிவாகப் பார்ப்பார், பின்னேரம் நான் யார் என்று கேட்பார், மறுநாள் மறுபடி தெளிவு. "நடிக்கிறார்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். இல்லை, இந்த நோயின் முக்கிய அடையாளமே அதுதான்.

கடைசியாகப் பிள்ளைகள். விறாந்தை மூலையில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். சட்டை நிறம்கூடச் சொல்வார். அவர்களுக்குத் தேத்தண்ணி குடுக்கச் சொல்வார். இல்லாத ஆட்களும் மிருகங்களும் இப்படித் துலக்கமாகத் தெரிவது இந்த நோயில் மிகவும் வழமை. தொடக்கத்தில் "அங்கை ஒருத்தரும் இல்லை அப்பா" என்று வாதாடினோம். அவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார், நாங்கள் அழுதோம், ஒருவருக்கும் பலன் இல்லை.

கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா? நூல் கட்டலாமா?

கோணேசர் கோயிலுக்கு நாங்களும் கூட்டிப் போனோம். மலை ஏறி, காற்றுப் பட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்த நாட்களில் அப்பா அமைதியாக இருந்தார். நூலும் கட்டினோம். அதில் குற்றம் காண மாட்டேன். ஆனால் "பேய் பிடிச்சிருக்கு" என்று பட்டினி போடுவதும் அடிப்பதும், "செய்வினை" என்று அயலவரில் பழி போடுவதும், கிளினிக் போவதை நிறுத்துவதும் கூடவே கூடாது. "விசர்" என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். அவருக்குக் கேட்கிறது, விளங்குகிறது.

ஆஸ்பத்திரியில் என்ன கவனிக்க வேண்டும்?

இதைத் தயவுசெய்து ஆறுதலாக வாசியுங்கள். லூயி பொடி நோய் உள்ளவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள், முக்கியமாக ஹலோபெரிடோல் போன்ற பழைய வகை, கடுமையாகத் தாக்கும். உடம்பு இறுகும், விழுங்க முடியாது, உயிருக்கே ஆபத்து. அப்பாவை ஓர் இரவு ஒரு வார்ட்டில் சேர்த்திருந்தோம். அவர் கத்தினார் என்று ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. அடுத்த நாலு நாள் மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். தண்ணீர்கூட இறங்கவில்லை. பிறகு ஒரு நரம்பியல் நிபுணர்தான் நோயின் பெயரைச் சொல்லி, கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சிவப்பு மையால் அந்த மருந்துகளைக் குடுக்க வேண்டாம் என்று எழுதித் தந்தார். அந்தக் கொப்பியைக் கடைசி வரை அம்மா கைப்பையிலேயே வைத்திருந்தா.

நோயைச் சுகப்படுத்தும் மருந்து இல்லை. ரிவஸ்டிக்மின், டொனெபெசில் போன்றவை சிலருக்குத் தெளிவைக் கூட்டும். நடுக்கத்துக்குக் குடுக்கும் லெவோடோபா அசைவை இலகுவாக்கும், ஆனால் இல்லாததைக் காணுவதைக் கூட்டவும் செய்யலாம். ஆகவே எதையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். கண்டதைத் திகதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடக் கிளினிக்கில் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

ராபின் எப்படி இறந்தார் என்று விவரமாகச் சொல்வதில்லையே, ஏன்?

முற்றத்தில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருக்கிற ஒருவருக்கு, வழிமுறையைப் பற்றிய விவரம் ஒரு தள்ளு மாதிரி ஆகிவிடும். அவர் இறந்த இரவு, 'அலாதீன்' படத்துப் பூதத்தை விளித்து "நீ விடுதலையாகிவிட்டாய்" என்ற அர்த்தத்தில் ஆஸ்கார் அமைப்பு ஒரு செய்தி போட்டது. நல்ல மனதோடு போட்டதுதான். ஆனால் சாவை விடுதலையாகக் காட்டுகிறது என்று உளநலத்தில் வேலை செய்கிறவர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை சரி என்று நினைக்கிறேன்.

என் வீட்டில் ஒருவர் "இனி இருந்து என்ன" என்கிறார். என்ன செய்ய?

பக்கத்தில் இருங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். "கோழை", "பிள்ளைகளை நினைச்சுப் பார்" என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், தனியே விடாதீர்கள்.

1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உயிர்மாய்க்க முயல்வது இலங்கையில் 1998இல் இருந்து குற்றம் இல்லை.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

சிரிக்க என்றால் 'மிஸஸ் டவுட்ஃபயர்'. மனதுக்கு என்றால் 'குட் வில் ஹண்டிங்'. அதில் அவர் உளவளத்துணையாளராக, பூங்கா வாங்கில் இருந்து அந்தப் பொடியனோடு கதைக்கும் காட்சியில் ஒரு பகிடியும் இல்லை, குரல்கூட உயராது.

எனக்கு நெருக்கமானது 1990இல் வந்த 'அவேக்கனிங்ஸ்'. நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸின் அனுபவத்தில் இருந்து எடுத்தது. பல பத்தாண்டுகளாக உறைந்து கிடந்த நோயாளிகளுக்கு 1969இல் லெவோடோபா குடுத்ததும் எழுந்து நடந்தார்கள். கொஞ்ச நாள்தான், பிறகு மறுபடி உறைந்தார்கள். அந்த வைத்தியராக நடித்தவர் ராபின். அப்பாவுக்கு நாங்கள் மூன்று வேளையும் குடுத்த குளிசை அதே லெவோடோபா. அந்தப் படத்தை முற்றத்தில் ஒருமுறைதான் போட்டோம். அம்மா பாதியில் உள்ளே போய்விட்டா.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. சிறுவர் படம் போடும் வருடம் முன்கூட்டியே சொல்லுவோம். கச்சான் காற்றுக்குத் துணி படபடக்கும், சில நேரம் மான்கள் வந்து பழத்தோலுக்கு நிற்கும், பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு மானைப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

காசு?

இல்லை. பாய் கொண்டு வாருங்கள்.

அப்பா கடைசியாக ராபினைப் பார்த்தது எப்போது?

இதை ஒரு சின்னப் பிள்ளை போன வருடம் கேட்டது. 2019 தொடக்கத்தில், 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தில். கதை பின்தொடர முடியாத நிலை. வாயால் வடியும் எச்சிலை அம்மா துடைத்துக்கொண்டிருந்தா. ராபின் வேடத்துக்கான முகம் கைவசம் இல்லாமல், கேக்கின் கிரீமுக்குள் முகத்தை அமுக்கி எடுத்துக்கொண்டு வரும் இடம் வந்தது. அப்பா சிரித்தார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க, பழைய மாதிரியே. பிறகு விறாந்தை மூலையைப் பார்த்தார். "அதுகளும் சிரிக்குதுகள்" என்றார். "தேத்தண்ணி குடுங்கோ."

அம்மா இரண்டு கிளாஸ் கழுவினா. நான் ஊற்றிக் கொண்டுபோய் மூலையில் வைத்தேன்.